ஓப்பன்ஃபோமையும் கால்குலிக்ஸையும் பிணைக்கும் பிரிசைஸ்: பயன்படுத்திப் பார்த்ததில் தெரிந்தவை

பாய்மத்தில் ஒரு மெல்லிய தகடு வளைகிறது. வளைந்த தகடு ஓட்டத்தைத் திருப்புகிறது. திரும்பிய ஓட்டம் தகட்டின் மேலுள்ள அழுத்தத்தை மாற்றுகிறது. பாய்மத்துக்கு ஓப்பன்ஃபோம், திண்மத்துக்கு கால்குலிக்ஸ் என இரண்டு நல்ல சால்வர்கள் (கணக்கைத் தீர்க்கும் மென்பொருள்கள்) இலவசமாகவே கிடைக்கும்போது, அவற்றை ஒன்றோடொன்று பேசவைப்பது மட்டும்தானே பாக்கி என்று தோன்றும். அந்த ‘மட்டும்’ என்ற வேலைக்காகவே மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்திலும் வளர்த்தெடுக்கப்பட்டு, எல்ஜிபிஎல் என்ற திறமூல உரிமத்தில் வழங்கப்படும் லைப்ரரிதான் பிரிசைஸ். இது தானாக எதையும் தீர்ப்பதில்லை; இரு சால்வர்களும் தொட்டுக்கொள்ளும் பரப்பில் விசையையும் இடப்பெயர்ச்சியையும் கைமாற்றி, இரு பக்கமும் ஒத்துப்போகும் வரை மீண்டும் மீண்டும் கணக்கிடவைக்கிறது.

நிறுவுவதில் இரு பக்கமும் ஒரே அளவு எளிதன்று. பிரிசைஸுக்கு உபுண்டுவில் ஆயத்தப் பொதி உண்டு. ஓப்பன்ஃபோமை பிரிசைஸோடு இணைக்கும் அடாப்டர், நிரல் ஓடும்போது ஏற்றப்படும் ஒரு தனிக் கோப்பு என்பதால் ஓப்பன்ஃபோமைத் தொடவே வேண்டியதில்லை. கால்குலிக்ஸ் அப்படியன்று, உங்கள் உபுண்டு பதிப்புக்கு ஆயத்தப் பொதி கிடைக்காவிட்டால், அதன் மூல நிரலை எடுத்து, ஸ்பூல்ஸ், ஆர்பேக், யாமல்-சிபிபி ஆகிய துணை லைப்ரரிகளுடன் சேர்த்து நாமே கம்பைல் செய்ய வேண்டும். அடாப்டர் எந்தக் கால்குலிக்ஸ் பதிப்புக்கு எழுதப்பட்டதோ அதே பதிப்பை எடுப்பது கட்டாயம்.

முதல் ஓட்டத்துக்குப் பயிற்சித் தொகுப்பில் உள்ள செங்குத்துத் தகடு போதும். 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் உயரமும் கொண்ட வாய்க்காலில் 1 மீட்டர் உயரமும் 0.1 மீட்டர் தடிமனும் உள்ள தகடு நிற்கிறது. இடப்பக்கமிருந்து விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பாய்மம் நுழைகிறது. இரண்டு டெர்மினல்களைத் திறந்து ஒவ்வொன்றிலும் ஒரு சால்வரை ஓடவிட்டால், முதலில் கிளம்பியது மற்றது வரும்வரை பேசாமல் காத்திருக்கிறது. உறைந்துவிட்டதென்று நினைத்து நிறுத்தியவர்களில் நானும் ஒருவன்.

உள்ளபடியே கற்க வேண்டியது பிரிசைஸின் எக்ஸ்எம்எல் அமைப்புக் கோப்பில் இருக்கிறது. எந்தப் பரப்பிலிருந்து எந்தப் பரப்புக்கு எது போகிறது என்பதை அதில் நாம் கைப்பட எழுதியாக வேண்டும். இரு பக்க மெஷ்களின் (கணக்குக்கான கட்ட வலைகளின்) புள்ளிகள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது, விசையைக் ‘கன்சர்வேட்டிவ்’ முறையில் மாற்ற வேண்டும், ஏனெனில் இரு பக்கமும் விசையின் கூட்டுத்தொகை ஒன்றாக இருக்க வேண்டும். இடப்பெயர்ச்சியைக் ‘கன்சிஸ்டென்ட்’ முறையில் மாற்ற வேண்டும், ஏனெனில் தகடு 5 சென்டிமீட்டர் நகர்ந்தால் அதை ஒட்டிய பாய்மப் புள்ளியும் அதே 5 சென்டிமீட்டர்தான் நகர வேண்டும். வணிகத் தொகுப்புகளில் பட்டனைத் தட்டினால் மறைந்துபோகும் இந்த வேறுபாட்டை இங்கே மறைக்க முடியாது என்பதே இந்த மென்பொருளின் பெரிய சிறப்பு என்பது என் கருத்து.

பயிற்சித் தகட்டின் அடர்த்தி கன மீட்டருக்கு 3000 கிலோ, பாய்மத்தினுடையது 1 கிலோ. எனவே பிணைப்பு எளிதில் ஒருங்குகிறது, அதாவது இரு பக்கமும் விரைவில் ஒத்துப்போகின்றன. இரு அடர்த்திகளும் நெருங்கிவந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். டூரெக், ஹ்ரோன் ஆகியோர் 2006இல் வெளியிட்ட சோதனைக் கணக்குகளில் எஃப்எஸ்ஐ3 எனப்படுவதில் இரண்டுமே 1000 கிலோ. தகடு தன்னோடு சேர்த்துச் சுற்றியுள்ள பாய்மத்தையும் தள்ள வேண்டியிருப்பதால், ஒவ்வொரு நேரப்படிக்கும் (கணக்கு முன்னேறும் சிறு காலத் துண்டுக்கும்) ஒரே ஒருமுறை தகவலை மாற்றிக்கொள்ளும் எளிய முறையில் எண்கள் கட்டுமீறி வெடித்துவிடுகின்றன. நேரப்படியைச் சிறிதாக்கினால் சரியாகும் என்ற நம் வழக்கமான கைவைத்தியம் இங்கே நிலைமையை இன்னும் மோசமாக்கும். இத்தகைய இடத்தில் பிரிசைஸில் உள்ள ஐக்யூஎன்-ஐஎல்எஸ் முடுக்க முறைதான் (முந்தைய சுற்றுகளைக் கொண்டு அடுத்த ஊகத்தைத் திருத்துவது) கை கொடுக்கிறது. சரிபார்த்துக்கொள்ள அந்தக் கணக்கின் விடை பலருக்கும் மனப்பாடம்: தகட்டின் நுனி மேலும் கீழுமாக ஏறத்தாழ 34 மில்லிமீட்டர் வீச்சில், விநாடிக்கு 5.3 முறை ஆடும்.

எனக்கு நேர்ந்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன். நானே எழுதிய ஒரு கால்குலிக்ஸ் கோப்பில் பெரிய வளைவுகளைக் கணக்கில் எடுக்கச் சொல்லும் ‘என்எல்ஜியாம்’ என்ற சொல்லைச் சேர்க்க மறந்துவிட்டேன். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. அமைப்புக் கோப்பைச் சோதிக்கும் கருவிக்கும் இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. முடிவைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான், நுனி வளைந்து கீழிறங்காமல் நேராகப் பக்கவாட்டில் போவதும், தகடு ரப்பர்போல நீண்டிருப்பதும் தெரிந்தது. பெரிய சுழற்சியைக் கணக்கில் எடுக்காத நேரியல் கணக்கு அப்படித்தான் காட்டும்.

குறைகளும் உண்டு. 2024 பிப்ரவரியில் வந்த 3ஆம் பதிப்பு அமைப்புக் கோப்பின் பல பெயர்களை மாற்றிவிட்டது. பழைய எடுத்துக்காட்டுகளை அப்படியே ஒட்டினால் ஓடாது. தகடு அதிகமாக வளையும்போது பாய்ம மெஷ்ஷின் கட்டங்கள் புரண்டு ஓப்பன்ஃபோம் நின்றுவிடுவதற்கு பிரிசைஸிடம் மருந்தில்லை. மெஷ் அசைவின் பரவல் அமைப்பை (அசைவு கட்டங்களுக்கிடையே எப்படிப் பகிரப்படும் என்பதை) நாம்தான் மாற்றிமாற்றிப் பார்க்க வேண்டும், என் நேரத்தில் பெரும்பகுதி அதிலேயே போனது. வாடிக்கையாளருக்கு இரண்டு நாளில் அறிக்கை தர வேண்டியவர் ஆன்சிஸ் போன்ற வணிகத் தொகுப்பையே நாடலாம். ஆய்வு மாணவர்களுக்கும், இரு சால்வர்களில் ஒன்றையாவது ஏற்கெனவே நன்கறிந்தவர்களுக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

தொடங்குபவர்கள் ஒன்றை மட்டும் கவனிக்கவும். ஒரு நேரப்படியில் அனுமதித்த மீள்சுற்றுகள் தீர்ந்தும் விடை ஒருங்காவிட்டால், பிரிசைஸ் இயல்பாக ஓட்டத்தை நிறுத்துவதில்லை. அடுத்த படிக்கு நகர்ந்துவிடும். முடிவுகளைக் காட்டும் பாராவியூவில் படம் அழகாகவே வரும். ஆகையால் ஓட்டம் முடிந்ததும் நான் முதலில் திறப்பது ‘இட்டரேஷன்ஸ்’ என்று முடியும் லாக் கோப்பைத்தான். அதில் ஒரு நெடுவரிசை முழுக்க உச்ச வரம்பு எண்ணே திரும்பத் திரும்ப நின்றால், படத்தைத் திறக்காமலேயே அமைப்புக் கோப்புக்குத் திரும்பிவிடுவேன்.