சுங்கை சிப்புட் வீட்டில் பிட்காயின் கோர்: ஒரு பயனரின் மதிப்பீடு

பிட்காயின் பரிவர்த்தனைகளைச் சரிபார்க்கும் பிட்காயின் கோர் மென்பொருளை நிறுவுவது எப்படி என்று சொல்லித்தரும் காணொளிகள் ஏராளமாக உள்ளன. நிறுவிய பின்னர் அதை ஆண்டுக்கணக்கில் ஓடவிட்டு, பதிப்புக்குப் பதிப்பு மாற்றி, இடியையும் மின்தடையையும் தாண்டிக் காப்பாற்றி வருவது எப்படிப்பட்ட வேலை என்பதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு தாமானில் (குடியிருப்பில்), என் வீட்டுக் கூடத்தில் ஓடும் நோடை, அதாவது இந்த மென்பொருள் வழியே பிட்காயின் வலையமைப்பில் இணைந்திருக்கும் கணினியை, வைத்து இதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: இந்த மென்பொருளின் மிகச் சிறந்த குணம், அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது என்பதுதான். சோம்பல்படுகிறவர்களுக்கு இது ஒத்துவராமல் போவதற்கும் அதே குணம்தான் காரணம்.

என்னிடம் உள்ளவை 8 ஜிபி நினைவகம் கொண்ட ராஸ்ப்பெரி பை 4, யுஎஸ்பி 3 வழியாக இணைத்த 1 டிபி எஸ்எஸ்டி, ஒரு சிறிய யுபிஎஸ், வீட்டிலிருந்த ரவுட்டர் ஆகியவை மட்டுமே. இந்தச் சிறு பெட்டி, 2009 ஜனவரியில் பதிவான முதல் பிளாக்கிலிருந்து (பரிவர்த்தனைத் தொகுப்பிலிருந்து) இன்றுவரை நடந்த ஒவ்வொரு பிட்காயின் பரிவர்த்தனையையும் தானே சரிபார்த்து, உலகெங்கும் உள்ள சக நோடுகளுடன் தகவலைப் பகிர்ந்துகொள்கிறது. அந்தக் காலத்துத் தோட்டத்தில், கிராணி (தோட்டக் கணக்கர்) தன் புத்தகத்தில் எழுதும் பால் எடையை அப்படியே நம்பிவிடாமல், தன் சொந்தக் குறிப்பேட்டிலும் எழுதிவைத்துக்கொண்ட பால்மரத் தொழிலாளியின் வேலைதான் இது. இதனால் ஒரு சென் வருமானம் கிடையாது. தன் பணக் கணக்கை அயலாரின் சர்வரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை என்பதே கிடைக்கும் பலன்.

வருமானம் இல்லை என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் நாட்டில் பிட்காயின் என்றதும் மின்சாரத் திருட்டுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. 2021 ஜூலையில் சரவாக்கின் மிரியில், திருட்டு மின்சாரத்தில் ஓடிய 1,069 மைனிங் இயந்திரங்களைக் காவல்துறையினர் ரோலர் ஏற்றி நசுக்கிய காட்சி உலகம் முழுவதும் பரவியது. பக்கத்து வீட்டு அக்கா ஒருவர், "ஏன் தம்பி, ராத்திரி பூரா லைட்டு மினுக்குதே, டிஎன்பிகாரன் வந்து பிடிச்சிக்கிட்டுப் போயிட மாட்டானே?" என்று, மின்சார நிறுவனமான டிஎன்பியை நினைத்து உண்மையான கவலையுடன் கேட்டார். புதிய பிளாக்குகளை உருவாக்கிப் பிட்காயின் ஈட்டும் மைனிங் வேறு, கணக்கைச் சரிபார்க்கும் நோடு வேறு. மைனிங் இயந்திரம் ஒன்று ஆயிரக்கணக்கான வாட் விழுங்கும். என் பெட்டியோ டிஸ்க்கையும் சேர்த்து பத்து வாட்டைக்கூட எட்டுவது அரிது. மாத மின்கட்டணத்தில் அதன் பங்கு மூன்று வெள்ளியை (ரிங்கிட்டை)த் தாண்டாது.

முதல் ஒத்திசைவு, அதாவது பழைய பிளாக்குகளையெல்லாம் இறக்கிச் சரிபார்க்கும் வேலை, பொறுமையைச் சோதிக்கும். மொத்தத் தரவு 700 ஜிபியை ஒட்டி வந்துவிட்டதால், பதிவிறக்க வேகத்தைவிட டிஸ்க்கின் வேகமும் நினைவகமும்தான் நேரத்தைத் தீர்மானிக்கின்றன. தரவை எவ்வளவு நினைவகத்தில் வைத்துக்கொள்வது என்று சொல்லும் டிபி கேஷ் (dbcache) என்ற அமைப்பு இயல்பாக 450 எம்பி என்ற அளவில்தான் இருக்கும்; ஒத்திசைவு முடியும்வரை அதைச் சில ஜிபிக்கு உயர்த்திவைத்தால் வேறுபாடு நன்றாகத் தெரியும். பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை இதற்குப் பயன்படுத்துவது வீண் வேலை. எஸ்டி கார்டில் தரவை வைப்பது அதைவிட மோசம், ஏனெனில் ஓயாமல் எழுதப்படும் இடத்தில் அந்த அட்டைகள் வெகுகாலம் தாங்குவதில்லை. இடம் போதாதவர்கள் புரூனிங் முறையில் பழைய பிளாக்குகளை 550 எம்பி வரை குறைத்து வைத்துக்கொள்ளலாம். சரிபார்ப்பு அப்போதும் முழுமையாகவே நடக்கும். பழைய பிளாக்குகளைப் பிறருக்கு வழங்க மட்டும் முடியாது.

நம் ஊருக்கே உரிய தொல்லை வானத்திலிருந்து வருகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மூன்று மணி தாண்டினால் பேராக்கின் இந்தப் பகுதியில் இடி இடிக்காத நாள் குறைவு. இணையம் வரும் கண்ணாடி இழை மின்னலைக் கடத்தாது என்பது உண்மைதான். ஆனால் மோடத்துக்கு வரும் மின்கம்பியும், ரவுட்டரிலிருந்து பெட்டிக்குச் செல்லும் லேன் கேபிளும் கடத்தும். மின்னலைவிட அடிக்கடி தொந்தரவு கொடுப்பவை, கண் இமைக்கும் நேரம் மட்டும் நீடிக்கும் மின்தடைகள். பிட்காயின் கோர் தன் கணக்கின் ஒரு பகுதியை நினைவகத்தில் வைத்திருந்து, அவ்வப்போதுதான் டிஸ்க்கில் எழுதுகிறது. எழுதும் நடுவில் மின்சாரம் போனால் பெரும்பாலும் அடுத்த முறை தொடங்கும்போது விட்ட இடத்திலிருந்து அதுவே சரிசெய்துகொள்ளும். சில வேளைகளில் பிளாக் தரவுத்தளம் கெட்டுவிட்டது, மீண்டும் கட்டவேண்டுமா என்று கேட்கும். ராஸ்ப்பெரி பையில் அப்படி மீண்டும் கட்டுவது நாள்கணக்கில் நடக்கும் வேலை. ஆகவே வேகமான கணினிக்குச் செலவழிப்பதற்கு முன்னர் யுபிஎஸ்ஸுக்குச் செலவழியுங்கள் என்பேன். பெட்டி, ரவுட்டர், மோடம் மூன்றும் சேர்ந்தும் சிறு சுமைதான் என்பதால், கடையில் கிடைக்கும் மிகச் சிறிய யுபிஎஸ்கூட அவற்றை அரை மணி நேரம் தாங்கிவிடும். முறையாக நிறுத்த அது தாராளம்.

முறையாக நிறுத்துவது என்றால் என்ன என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். நிறுத்து என்ற கட்டளையைக் கொடுத்தவுடன் திரையில், பிட்காயின் கோர் நிற்கிறது என்ற பொருளில் ஒரு வரி வரும். பலர் அத்துடன் முடிந்தது என்று பிளக்கைப் பிடுங்கிவிடுகிறார்கள். உண்மையில் அப்போதுதான் நினைவகத்தில் உள்ளதை டிஸ்க்கில் எழுதும் வேலை தொடங்குகிறது. பதிவுக் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால், இணைப்புகள் அறுவதும் தரவு எழுதப்படுவதும் ஒவ்வொரு வரியாக ஓடி, கடைசியில் "ஷட்டவுன்: டன்" என்ற வரி வந்து நிற்கும். டிபி கேஷ் பெரிதாக இருந்தால் அந்த வரி வரச் சில நிமிடங்கள்கூட ஆகலாம். அதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த வேலை.

இணையத்தைப் பொறுத்தவரை இந்த ஊரில் வேகத்துக்குக் குறையில்லை, குறை வேறிடத்தில். நான் முதலில் வைத்திருந்த சேவையில், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி கொடுத்திருந்தார்கள். அத்தகைய இணைப்பில் நம் நோடு வெளியே சென்று பிறரைத் தொடர்புகொள்ளலாம், ஆனால் 8333 என்ற போர்ட்டில் (இணைப்பு வாயிலில்) பிறர் நம்மைத் தேடி வர முடியாது. வாடிக்கையாளர் சேவையில் பேசியவருக்கு என் கேள்வியே புரியவில்லை என்பதால் நான் வேறு சேவைக்கு மாறினேன். மாற முடியாதவர்களுக்கு வழி இல்லாமல் இல்லை: இருப்பிடத்தை மறைத்து இணையத் தொடர்பு தரும் டோர் மென்பொருளை அதே பெட்டியில் நிறுவினால், பிட்காயின் கோர் தானாகவே அதற்குரிய ஓர் ஆனியன் முகவரியை உருவாக்கி அதன் வழியே பிறரை வரவேற்கும். யாரும் உள்ளே வராவிட்டாலும் சரிபார்ப்பில் குறை நேராது, வெளிச்செல்லும் பத்து இணைப்புகளே அதற்குப் போதும். உள்வரும் இணைப்புகளைத் திறந்துவைத்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிதாக ஒத்திசைக்கும் யாரோ ஒருவர் உங்களிடமிருந்து நூற்றுக்கணக்கான ஜிபியை இழுத்துக்கொள்ளக்கூடும். பிள்ளைகளின் இணையவழி வகுப்பு தடைபடாமலிருக்க, ஒரு நாளைய பதிவேற்றத்துக்கு உச்சவரம்பு வைக்கும் அமைப்பு இருக்கிறது, நான் வைத்திருக்கிறேன்.

இனி புதுப்பித்தல். ஏறக்குறைய ஆறு மாதங்களுக்கு ஒரு முறை புதிய பெரும்பதிப்பு வருகிறது. கடைசி சில பெரும்பதிப்புகளுக்கு மட்டுமே திருத்தங்கள் தொடரும். கைப்பேசிச் செயலிகளுக்குப் பழகியவர்களுக்கு, புதிய பதிப்பு வந்திருக்கிறது என்ற அறிவிப்புக்கூட இல்லாமல் ஒரு மென்பொருள் மௌனமாக ஓடிக்கொண்டிருப்பது வினோதமாகத் தோன்றும். இது வேண்டுமென்றே செய்யப்பட்ட ஏற்பாடு. உருவாக்குநர்கள் ஒரு பொத்தானை அழுத்தி உலகத்து நோடுகளின் விதிகளையெல்லாம் மாற்றிவிட முடியும் என்றால், பரவலாக இயங்கும் வலையமைப்பு என்ற பேச்சுக்கே பொருள் இருக்காது. எந்த விதியை என் வீட்டில் ஓடவிடுவது என்று நானே தீர்மானிக்கிறேன்.

அதற்காகப் புதுப்பிக்காமலே இருந்துவிடலாம் என்றும் சொல்லிவிட முடியாது. 2018 செப்டம்பரில் வெளியான 0.16.3 பதிப்பு இதற்குச் சரியான சான்று. அதற்கு முந்தைய சில பதிப்புகளில், ஒரே காசை ஒரே பரிவர்த்தனைக்குள் இரண்டு முறை செலவிட்டு, இல்லாத பிட்காயினை உண்டாக்கிவிடும் வாய்ப்பு ஒளிந்திருந்தது. யாரும் அதைப் பயன்படுத்திக்கொள்வதற்குள் திருத்தம் வந்தது. திருத்தத்தைத் தம் கணினியில் ஏற்றியவர்களே பாதுகாக்கப்பட்டார்கள். மறுபுறம், புதிய பதிப்பை வந்த அன்றே கண்ணை மூடிக்கொண்டு ஏற்றுவதும் அறிவுடைமை ஆகாது. 2013 மார்ச்சில் 0.8 பதிப்பு உருவாக்கிய ஒரு பிளாக்கை 0.7 பதிப்பு நோடுகள் ஏற்க மறுத்ததால், பிளாக்குகளின் சங்கிலியே சில மணி நேரம் இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பாதுகாப்புத் திருத்தமென்றால் உடனே, புதிய வசதிகள் கொண்ட பெரும்பதிப்பென்றால் சில வாரங்கள் பொறுத்து என்பதே என் வழக்கம்.

பதிவிறக்கிய கோப்பைச் சரிபார்ப்பதில்தான் இந்த மென்பொருள் மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கிறது. கோப்புடன், கோப்பின் கைரேகை போன்ற ஹாஷ் எண்களின் பட்டியலும், அந்தப் பட்டியலின்மீது பல உருவாக்குநர்கள் தனித்தனியே இட்ட மின்கையொப்பங்களும் கிடைக்கின்றன. அவர்கள் ஒவ்வொருவரும் ஒரே மூலநிரலைத் தத்தம் கணினியில் தனியாகக் கட்டி, இம்மி பிசகாமல் அதே கோப்பு வருவதைப் பார்த்த பின்னரே கையொப்பம் இடுகிறார்கள், 22.0 பதிப்பிலிருந்து கீக்ஸ் என்ற கருவி இதற்குப் பயன்படுகிறது. நாம் செய்யவேண்டியது இரண்டு கட்டளைகள் மட்டுமே. இதைத் தாண்டிவிட்டு நேராக நிறுவுபவர், நோடு நடத்துவதன் நோக்கத்தையே வாசலில் விட்டுவிட்டு வருகிறார் என்பது என் எண்ணம். பிறகு பிட்காயின் சாவிகளை வைத்திருக்கும் வாலட் இருந்தால் அதற்குக் காப்பு எடுத்து, பழையதை முறையாக நிறுத்தி, புதிய நிரல்களை அதே இடத்தில் வைத்துத் தொடங்கினால் போதும். 700 ஜிபி தரவை யாரும் தொடுவதில்லை; விட்ட இடத்திலிருந்து சில நிமிடங்களில் எட்டிப்பிடித்துவிடுகிறது.

வெளியீட்டுக் குறிப்பைப் படிக்காமல் மட்டும் மாற்றக்கூடாது. 2025 ஏப்ரலில் வந்த 29.0 பதிப்பில், ரவுட்டரிடம் தானாகப் போர்ட்டைத் திறக்கச் சொல்லும் யூபிஎன்பி வசதி அடியோடு நீக்கப்பட்டது. அதை நம்பியிருந்த வீடுகளில், நோடு நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே உள்வரும் இணைப்புகள் சத்தமில்லாமல் நின்றுபோகும். குறிப்பில் ஒரு பத்தி. படித்திருந்ததால் ரவுட்டரில் போர்ட்டைக் கையால் திறந்துவிட்டு மாறினேன். அதே ஆண்டு அக்டோபரில் வந்த 30.0 பதிப்பு இன்னும் பெரிய சச்சரவைக் கிளப்பியது. பரிவர்த்தனையில் பணத்துக்குத் தொடர்பில்லாத தரவைச் சேர்த்து அனுப்புவதற்கான இயல்பு வரம்பு 83 பைட்டிலிருந்து 1,00,000 பைட்டுக்கு உயர்த்தப்பட்டது. அதை விரும்பாதவர்கள் பலர் பிட்காயின் நாட்ஸ் என்ற மாற்று மென்பொருளுக்கு மாறினார்கள்; சிலர் பழைய பதிப்பிலேயே தங்கினார்கள்; இன்னும் சிலர் புதிய பதிப்பை ஏற்றுக்கொண்டு, அமைப்புக் கோப்பில் வரம்பை மட்டும் குறைத்துக்கொண்டார்கள். மூன்றாவது வழியே எனக்குச் சரியாகப் பட்டது. எந்த வழியை எடுத்தவரும் வலையமைப்பிலிருந்து வெளியே தள்ளப்படவில்லை.

கட்டளைத் திரையைக் கண்டு தயங்குபவர்களுக்கு அம்ப்ரெல் போன்ற தயார்நிலைத் தொகுப்புகள் இருக்கின்றன. ஒரே சொடுக்கில் புதுப்பித்துவிடலாம்; ஆனால் கையொப்பச் சரிபார்ப்பைத் தொகுப்பவரே நமக்காகச் செய்துவிடுவதால், நம்பிக்கை ஒரு படி தள்ளிப்போகிறது. தொடங்குவதற்கு நல்லது, பழகிய பின் நேரடி நிறுவலுக்கு வந்துவிடுவது மேல். கோரின் வரைகலை முகப்புக்குத் தமிழ் மொழிபெயர்ப்பும் உண்டு. அது முழுமை பெறவில்லை. சில பட்டிகள் ஆங்கிலத்திலேயே நிற்கின்றன.

வன்பொருளில் ஒரே ஓர் எச்சரிக்கை. தரவு ஆண்டுக்கு ஏறத்தாழ 80 முதல் 90 ஜிபி வளர்வதால், 1 டிபி டிஸ்க் இன்னும் சில ஆண்டுகளுக்குத்தான் தாங்கும். ஈப்போவுக்குச் சென்று வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், இன்று புதிதாகத் தொடங்குபவர்கள் 2 டிபியாகவே எடுத்துக்கொள்ளட்டும். ஏற்கெனவே 1 டிபி வைத்திருப்பவர்கள் மீண்டும் பதிவிறக்கத் தேவையில்லை: நோடை நிறுத்தி, தரவுக் கோப்புறையை அப்படியே புதிய டிஸ்க்குக்கு நகலெடுத்து, புதிய இடத்தை அமைப்புக் கோப்பில் குறித்துவிட்டால் முடிந்தது. நகலெடுக்கும் வேலையை இடி இல்லாத காலை வேளையில் வைத்துக்கொள்ளுங்கள்.