நீர்க்கடுப்பு என்று நினைத்தேன்: எஸ்ட்ரியால் க்ரீமுடன் இரண்டரை வருடம்

எனக்கு 51 வயதில் தீட்டு நின்றது. குப்பென்று சூடாகி வியர்த்துக் கொட்டுவதெல்லாம் இரண்டு மூன்று வருடத்தில் தானாக அடங்கிவிட்டது. தொல்லை விட்டது என்றிருந்தேன். 55-ல் பிறப்புறுப்பில் எரிச்சலும் நீர்க்கடுப்பும் ஆரம்பித்தது.

உடம்புச் சூடு என்று பார்லித் தண்ணீர் குடித்தேன், வெந்தயம் ஊறவைத்து விழுங்கினேன். ஒரே வருடத்தில் நான்கு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். அதில் ஒரு தடவைதான் யூரின் கல்ச்சரில் கிருமி இருந்தது. அரிப்புக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய களிம்பு இன்னும் எரிந்தது. வெந்நீரில் கிருமிநாசினி கலந்து கழுவினேனே, அதுதான் நான் செய்ததிலேயே பெரிய முட்டாள்தனம். ஸ்கூட்டரில் பத்து நிமிடம் போய் இறங்கினால் உப்புத்தாள் மேல் உட்கார்ந்து வந்த மாதிரி இருக்கும்.

அவரோடு சேரும்போது வலி உயிர் போகும். தலைவலி, நாளைக்கு விரதம் என்று சாக்குச் சொல்லியே ஒரு வருடம் ஓட்டினேன். ஒரு நாள் லேசாக ரத்தம் பட்டது. பயந்துபோய்த்தான் மகப்பேறு மருத்துவரிடம் போனேன்.

"தீட்டு நின்னதுக்கப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பார்க்காம விடக்கூடாதும்மா" என்று சொல்லி, ஸ்கேனும், கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனையும் எடுத்தார். இரண்டிலும் கோளாறில்லை. பரிசோதிக்கும்போது ஒரு சிறு காகிதத்தை உள்ளே தொட்டு எடுத்துக் காட்டினார். அமிலத்தன்மையைப் பார்க்கும் காகிதம். முன்பெல்லாம் 4.5-க்குள் இருந்திருக்க வேண்டிய பிஎச் எனக்கு 6. எண் கூடினால் அமிலம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் யோனிச் சுவர் மெலிந்து ஈரம் வற்றிவிடுமாம். அங்கே அமிலத்தைச் சுரந்து நம்மைக் காக்கும் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் தீனி இல்லாமல் குறைந்துபோகும். நீர்த்தாரைக்கும் அதே ஹார்மோன்தான் ஊட்டம் என்பதால் கடுப்பும் அடிக்கடி போகும் அவசரமும் கூடவே வரும். 2014-லிருந்து இதற்கு ஜெனிடோயூரினரி சிண்ட்ரோம் ஆஃப் மெனோபாஸ் என்று பெயராம். வியர்வை மாதிரி இது தானாக அடங்காது, விட்டால் கூடத்தான் செய்யும் என்றார்.

முதல் இரண்டு மாதம் ஈரம் காக்கிற ஹைலூரானிக் ஆசிட் ஜெல் மட்டும், வாரம் மூன்று நாள். வறட்சிக்குப் பரவாயில்லை, நீர்க்கடுப்புக்குப் பிரயோஜனமில்லை. அப்புறம்தான் எஸ்ட்ரியால் என்ற ஈஸ்ட்ரோஜன் வகை ஹார்மோன் க்ரீம் எழுதினார். மூன்று வாரம் தினமும் இரவு, பிறகு வாரம் இரண்டு நாள். செவ்வாய், வெள்ளி என்று வைத்துக்கொண்டேன். எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள், மறக்காது.

டியூபோடு ஒரு பிளாஸ்டிக் குழல் வரும். அதை டியூபின் வாயில் திருகி, கோடு வரை க்ரீமை ஏற்றி, படுத்துக்கொண்டு உள்ளே செலுத்த வேண்டும். முதல் நாள் பாதி பாவாடையில் போனது. முதல் வாரம் சுள்ளென்று எரிந்தது, மார்பு கொஞ்சம் கனத்தது, இரண்டும் தானாகச் சரியானது. காலையில் கொஞ்சம் கசியும். அதைவிட எரிச்சல், அந்தக் குழலைச் சோப்புத் தண்ணீரில் கழுவி யார் கண்ணிலும் படாமல் காயவைப்பது. எங்கள் வீட்டில் ஒரே குளியலறை. பழைய சோப்பு டப்பாவுக்குள்தான் இன்றும் காய்கிறது.

பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்துவிட்டு, புற்றுநோய், மாரடைப்பு என்றெல்லாம் போட்டிருக்கிறதே என்று இரண்டு முறை போடாமல் விட்டேன். அந்த எச்சரிக்கைகள் பெரும்பாலும் மாத்திரையாக விழுங்குகிற ஹார்மோனை வைத்து எழுதியவை, க்ரீமில் ஒரு தடவைக்குப் போகும் அரை மில்லிகிராம் மருந்து ரத்தத்தில் சேர்வது ரொம்பக் குறைவு என்று மருத்துவர் விளக்கினார். மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் மட்டும் தங்கள் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாதாம்.

நான்காவது வாரத்தில் ஸ்கூட்டர் எரிச்சல் போனது. மற்றதெல்லாம் சரியாவதற்கு மூன்று மாதம் பிடித்தது. இப்போதும் சேரும்போது தண்ணீர் சார்ந்த ஜெல் ஒன்று தேவைப்படுகிறது. க்ரீம் தொடங்கியபின் நீர்க்கடுப்பு ஒரே ஒரு முறைதான் வந்தது. அதுவும் நானே தேடிக்கொண்டது. பத்தாவது மாதம், எல்லாம்தான் சரியாகிவிட்டதே என்று நிறுத்தினேன். இரண்டே மாதத்தில் பழைய கதை. "கண்ணாடி போட்டா எழுத்து தெரியுது, கழட்டினா?" என்று சிரித்தார் மருத்துவர். மறுபடி மூன்று வாரம் தினமும் என்று முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.

நடுவில் லேசர் சிகிச்சை விளம்பரம் பார்த்து ஆசைப்பட்டேன். 2018-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்கு லேசரின் பாதுகாப்பும் பலனும் நிரூபிக்கப்படவில்லை என்று எச்சரித்திருப்பதைப் படித்துவிட்டு விட்டுவிட்டேன்.

போன மாதம்தான் அக்காவிடம் இதையெல்லாம் சொன்னேன். அவளுக்கு 63. எட்டு வருடமாகச் சூடு, சூடு என்று இளநீர் குடித்துக்கொண்டிருக்கிறாள். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த மருந்து பேரை எழுதி அனுப்புடி" என்றாள். பேரை அனுப்ப மாட்டேன், வெள்ளிக்கிழமை டாக்டரிடம் கூட்டிப் போகிறேன் என்றேன். "வெள்ளி வேணாம், எண்ணெய் தேய்ச்சுக் குளிக்கணும், வியாழன் போட்டுடு" என்றாள்.