கையில் பிரதியோடு ஒரு நாடகம்: சாட்ஸ்வொர்த் வாசிப்பு மாலைகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு சமூக மண்டபத்தில், மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை மாலையில், சிறிய நாடகக் குழு ஒன்று நடத்திவரும் நாடக வாசிப்புக்கு இந்த ஆண்டு மூன்று முறை சென்றேன். இன்னும் எங்கும் மேடையேறாத, எழுதியவருக்கே முழு நிறைவு ஏற்படாத நிலையில் இருக்கும் ஒரு நாடகத்தை நடிகர்கள் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார்கள்; அது முடிந்ததும் எழுதியவரும் கேட்டவர்களும் ஒரு மணி நேரம் உரையாடுவார்கள். காட்சி அமைப்போ உடையோ ஒளியமைப்போ கிடையாது. நுழைவுக் கட்டணம் 80 ராண்ட். இதற்குப் பணம் கொடுத்துப் போக வேண்டுமா என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். முதல் மாலையையும் மூன்றாம் மாலையையும் நினைத்தால் கட்டாயம் போக வேண்டும் என்பேன். இரண்டாம் மாலையை நினைத்தால் அப்படிச் சொல்ல நா எழவில்லை. நடிப்பில் பெரிய ஏற்றத்தாழ்வு எதுவும் இல்லை. வாசிப்புக்குப் பின் நடந்த உரையாடலை யார், எப்படி நடத்தினார்கள் என்பதுதான் மூன்று மாலைகளையும் வேறு வேறாக்கியது.

இந்த ஏற்பாட்டை ஒரு முறையாக வளர்த்தெடுத்தவர்கள் அமெரிக்கர்கள். நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் ஒரு நாடகத்தை ஏற்றுவதற்கு முன் நியூ ஹேவன், பாஸ்டன், ஃபிலடெல்ஃபியா போன்ற ஊர்களில் சில நாட்கள் நடத்திப் பார்த்து, மக்கள் எங்கே சிரிக்கிறார்கள், எங்கே இருக்கையில் நெளிகிறார்கள் என்று கவனித்துத் திருத்துவது அங்கே பழைய வழக்கம். செலவு ஏற ஏற அந்த வழி பலருக்கு எட்டாமல் போயிற்று. முழு நாடகத்தையும் தயாரிக்காமலே அதைக் காதால் கேட்டுப் பார்க்கும் இடங்கள் தேவைப்பட்டன. 1949இல் நியூயார்க்கில் நியூ டிரமாட்டிஸ்ட்ஸ் என்ற அமைப்பும், 1971இல் மினியாபோலிஸில் பிளேரைட்ஸ் சென்டரும் தொடங்கின. இடையில், 1964இல், கனெக்டிகட் மாநிலத்தின் வாட்டர்ஃபோர்டு என்ற கடலோர ஊரில் ஜார்ஜ் வைட் நிறுவிய யூஜின் ஓ'நீல் நாடக மையம் இம்முறைக்குத் தாய்வீடு போன்றது. அங்கே கோடையில் கூடும் நாடகாசிரியர் மாநாட்டை 1968 முதல் 1999 வரை இயக்குநர் லாயிட் ரிச்சர்ட்ஸ் வழிநடத்தினார். அனுப்பிய நாடகங்கள் பலமுறை திரும்பி வந்தும் சோர்ந்துவிடாத நாடகாசிரியர் ஆகஸ்ட் வில்சன், 'மா ரெய்னிஸ் பிளாக் பாட்டம்' நாடகத்தின் பிரதியோடு 1982இல் அங்கே போய்ச் சேர்ந்தார். அந்த நாடகம் 1984இல் யேல் பல்கலைக்கழகத்தின் ரெப்பர்ட்டரி அரங்கிலும், அதே ஆண்டில் பிராட்வேயிலும் மேடையேறியது.

யேல் அரங்கு தென்னாப்பிரிக்கர்களான நமக்கும் அந்நியமானதல்ல. போர்ட் எலிசபெத்தின் ஒரு தேநீர் விடுதியைக் களமாகக் கொண்டு நம் நாட்டு நாடகாசிரியர் ஏதல் ஃபூகார்டு எழுதிய 'மாஸ்டர் ஹெரால்ட்' நாடகம், ரிச்சர்ட்ஸ் அங்கே பொறுப்பில் இருந்த 1982ஆம் ஆண்டில், முதன்முதலாக அந்த அரங்கில்தான் நிகழ்ந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் மார்க்கெட் தியேட்டருக்கு அது மறு ஆண்டு வந்தது. ஆனால் தென்னாப்பிரிக்காவில் நாடகம் உருவாகும் வழி பெரும்பாலும் வேறாக இருந்திருக்கிறது. 1981இல் மார்க்கெட் தியேட்டரில் அரங்கேறிய 'வோசா ஆல்பர்ட்' நடிகர்கள் இருவரின் உடலிலும் குரலிலும் பிறந்து, ஒத்திகையில் வளர்ந்து, பின்னரே பிரதியானது. நம் முன்னோர் 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்த தெருக்கூத்திலும், கூட்டம் அசந்தால் கட்டியங்காரன் வேடிக்கையை நீட்டுவதும் அழுதால் பாட்டைத் திரும்ப எடுப்பதுமாக, கேட்பவரின் மனநிலை அந்த இரவிலேயே ஆட்டத்துக்குள் கலந்துவிடும். அமெரிக்க முறையோ தனியறையில் அமர்ந்து எழுதும் ஒருவருக்காக ஏற்பட்டது. நடிகர் குழு இல்லாத, பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு இரவில் எழுதுகிற நம் இளைஞர்களுக்கு அது பொருந்துகிறது என்பதைச் சாட்ஸ்வொர்த்தில் கண்டேன்.

முதல் மாலையில் வாசிக்கப்பட்டது இரண்டு அங்கங்கள் கொண்ட ஒரு நாடகம். எழுதியவர் முப்பது வயதுக்கு உட்பட்ட பெண். டர்பன் மாநகராட்சித் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸிலிருந்து, இனவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்த குழுப் பகுதிகள் சட்டத்தின் பெயரால், மக்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பப்பட்ட காலம்தான் கதையின் காலம். நடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, அக்கம்பக்கத்தாரின் தட்டுமுட்டுச் சாமான்களை ஏற்றிச் செல்லும் லாரி ஓட்டுநர் ஒருவன். அந்த லாரியில் ஏறமாட்டேன் என்று வாசலில் உட்கார்ந்துவிடும் அவனுடைய தாய். இருவருக்கும் நடுவே அவன் மனைவி. வெளியேற்றத்தைப் பற்றி நாம் கேட்டிருக்கும் கதைகளில் லாரி வரும், போகும். அதை ஓட்டியவனும் அதே தெருக்காரனாக இருந்திருக்கலாம் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை.

நடிகர்கள் ஐந்து பேர், முன்னால் உயரமான தாங்கிகளில் பிரதியை வைத்துக்கொண்டு வரிசையாக நின்றார்கள். ஓரத்தில் அமர்ந்திருந்த ஆறாமவர் மேடைக் குறிப்புகளை வாசித்தார். ஒரு காட்சியில் இல்லாதவர் நாற்காலியில் அமர்ந்துவிடுவார், வரும்போது எழுவார், அவ்வளவுதான் அசைவு. இரண்டு மாலை நேரங்களும் ஒரு சனிக்கிழமைக் காலையும் மட்டுமே ஒத்திகை பார்த்ததாக அறிவித்தார்கள். அமெரிக்க நடிகர் சங்க விதிகளில் ஒத்திகையும் நிகழ்ச்சியும் சேர்த்து 29 மணி நேரத்துக்குள் அடங்க வேண்டிய வாசிப்பு வகை ஒன்று இருக்கிறது. நம்மவர்களின் ஒத்திகை அதில் பாதிகூட வராது. அப்படியிருந்தும் முதல் அங்கத்தின் வசனங்களில் தடங்கல் இல்லை. இரண்டாம் அங்கத்தில் தாய் தமிழிலேயே நீளமாகப் பேசும் இடம் வந்தபோது மண்டபத்தில் பாதிப் பேர் விலகிப்போனதை என் இருக்கையிலிருந்தே உணர முடிந்தது: இருமல், நாற்காலி நகரும் ஓசை, தொலைபேசித் திரையின் வெளிச்சம். அந்த நேரத்தில் எழுதியவர் மேடையைப் பார்க்கவே இல்லை. பின்வரிசையில் நின்று எங்கள் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடக வாசிப்பு எழுதியவருக்கு அளிக்கும் சேவையின் பெரும்பகுதி, யாரும் வாய் திறந்து கருத்துச் சொல்வதற்கு முன்பே அவருக்குக் கிடைத்துவிடுகிறது.

அடுத்து உரையாடல். அதை நடத்திய அம்மையார், அமெரிக்க நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990 முதல் உருவாக்கிப் பரப்பிய நான்கு படி முறையைப் பின்பற்றுவதாகச் சொல்லிவிட்டுத் தொடங்கினார். முதலில், மனத்தில் தைத்தது எது, நினைவில் நின்றது எது என்று மட்டும் கேட்டவர்கள் சொல்ல வேண்டும். பிறகு எழுதியவர் தமக்கு ஐயமுள்ள இடங்களைப் பற்றிக் கேட்பார். மூன்றாவதாக, கேட்டவர்கள் வினவலாம். ஆனால் வினாவுக்குள் தீர்ப்பை ஒளித்து வைக்கக் கூடாது. "அந்தப் பேச்சு ஏன் இவ்வளவு நீளம்?" என்பது தீர்ப்பு, "அந்தப் பேச்சில் நாங்கள் எதைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்பது வினா. கடைசியில், இன்னதைப் பற்றி எனக்கு ஒரு கருத்து இருக்கிறது, கேட்க விருப்பமா என்று அனுமதி பெற்ற பிறகே கருத்தைச் சொல்லலாம். எழுதியவர் வேண்டாம் என்றும் சொல்லலாம். முதலில் எனக்கு இது சடங்குபோலத் தோன்றியது. மூன்றாம் படியில் ஒரு மூதாட்டி எழுந்து கேட்ட ஒரே ஒரு கேள்வி அந்த எண்ணத்தை மாற்றியது.

"அந்தக் காலத்துல நாங்க புருசன் பேரை வாயால சொல்ல மாட்டோம். இவ எடுத்ததுக்கெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடுறா. நீ தெரிஞ்சுதான் எழுதுனியாம்மா?"

எழுதியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தெரிந்து எழுதவில்லை என்று ஒப்புக்கொண்டு, கையேட்டில் எதையோ குறித்துக்கொண்டார். மூதாட்டி அதைத் தவறு என்று சொல்லவில்லை, திருத்தச் சொல்லவுமில்லை. தொல்காப்பியத்தின் பாயிரம், அந்நூல் பாண்டியன் அவையில் அதங்கோட்டு ஆசானுக்குக் குற்றமறத் தெரித்துக் காட்டப்பட்டது என்று சொல்கிறது. அரங்கேற்றம் என்றால் புலமையுடையோர் முன் வைத்து ஆராய்வது என்பதே நம் மரபு. மேகசின் பாரக்ஸில் வாழ்ந்திருக்கக்கூடிய வயதுடைய அந்த அம்மாளுக்கு நாடகம் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அவர் அறிந்தது அந்த வீட்டின் பேச்சுவழக்கு. எழுதியவரிடம் இல்லாததும் அதுதான்.

இரண்டாம் மாலை வேறொருவரின் நாடகம், உரையாடலை நடத்தியவரும் வேறொருவர். படிகள் எவையும் சொல்லப்படவில்லை. "உங்கள் கருத்துகளைக் கூறுங்கள்" என்று ஒலிவாங்கி நேரடியாக அவைக்கு வந்தது. முன்வரிசையிலிருந்த ஒருவர், தாம் எழுதியிருந்தால் எப்படி முடித்திருப்பார் என்று பத்து நிமிடம் விளக்கினார். இன்னொருவர் தந்தை பாத்திரத்தை நல்லவனாக்கச் சொன்னார். வேறொருவர் ஒரு பாட்டுச் சேர்க்கச் சொன்னார். எவருடைய எண்ணமும் கெட்ட எண்ணமல்ல. ஆனால் மேடையில் தனியே அமர்ந்திருந்த அந்த இளைஞர், ஒவ்வொன்றுக்கும் தலையாட்டித் தலையாட்டி, முடிவில் தாம் என்ன எழுத வந்தோம் என்பதையே மறந்தவர்போல இருந்தார். கேட்டவர் எதை உணர்ந்தார் என்று சொன்னால் எழுதியவருக்குப் பயன்படும். கேட்டவர் கையில் எழுதுகோலைக் கொடுத்தால் எல்லா நாடகமும் ஒரே நாடகமாகிவிடும். அமெரிக்க நாடகாசிரியர்கள் பலர் இம்முறையைப் பற்றி நெடுநாளாகச் சொல்லிவரும் குறையும் இதுவே. ஒரு வாசிப்பிலிருந்து அடுத்த வாசிப்புக்கு என்று ஆண்டுக்கணக்கில் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும் நாடகங்கள் அங்கே உண்டு. ஒவ்வொரு அவைக்கும் இசைந்து இசைந்து கூர்மை தேய்ந்த பின்னும் அவற்றுக்கு மேடை கிடைப்பதில்லை.

நான்கு மாதம் கழித்து லாரி நாடகத்தின் திருத்திய வடிவம் வாசிக்கப்பட்டபோது, உரையாடலை நடத்த அந்த அம்மையாரே வந்திருந்தார். தாயின் தமிழ்ப் பேச்சு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்திருந்தது, ஆனால் நீக்கப்படவில்லை; ஒவ்வொரு வரிக்கும் மகன் டர்பன் ஆங்கிலத்தில் எரிச்சலோடு கொடுக்கும் பதிலிலிருந்தே, தமிழ் அறியாதவர்களும் தாய் சொன்னதை ஊகித்துக்கொண்டார்கள். மனைவி நாடகம் முழுவதும் "என்னங்க", "இந்தாங்க" என்றே கணவனிடம் பேசினாள். இறுதிக்கு முந்தைய சண்டையில், தாயை லாரியில் தூக்கி ஏற்றிவிடலாம் என்று அவன் சொன்னதும், முதல்முறையாக, அந்த ஒரே முறை, அவனைப் பெயர் சொல்லி அழைத்தாள். நடிகை குரலை உயர்த்தவில்லை. மண்டபத்தில் முதியவர்கள் அமர்ந்திருந்த வரிசையிலிருந்து ஒரு முனகல் எழுந்தது. அதன் பொருள் புரியாத இளையவர்கள்கூட ஏதோ உடைந்துவிட்டது என்று திரும்பிப் பார்த்தார்கள். ஒரு கேள்வி நான்கு மாதத்தில் என்னவாகியிருக்கிறது என்பதைக் கண்ணெதிரே பார்த்த எனக்கு, கொடுத்த 80 ராண்ட் மிகச் சிறிய தொகையாகத் தோன்றியது.

இருந்தாலும் வாசிப்பு என்ற வடிவத்துக்கு எல்லை உண்டு. பேச்சு மிகுந்த நாடகம் இதில் வாழும். பேசாமல் நடப்பது சாகும். இதே நாடகத்தில் தாய் வெற்று வீட்டைக் கூட்டிப் பெருக்கி, கோலமிட்டு, பூட்டாமலே கதவைச் சாத்தும் காட்சி ஒன்று வருகிறது. மேடையில் அது ஐந்து நிமிடம் நீடித்து நெஞ்சை அடைக்கும் என்று நம்புகிறேன். வாசிப்பில் அது குறிப்பு வாசிப்பவரின் நான்கு வாக்கியங்களாக முடிந்துபோயிற்று. உரையாடலில் யாரும் அதைக் குறிப்பிடவில்லை. அதைக் கண்டு அந்தப் பெண் அக்காட்சியை வெட்டிவிடுவாரோ என்ற கவலையில், கருத்துத் தாளில் அதைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். அத்தகைய காட்சிகளை மட்டுமாவது நடிகர்கள் பிரதியைக் கீழே வைத்துவிட்டு நடித்துக் காட்டும்படி குழுவினர் ஏற்பாடு செய்யலாம். குறிப்பு வாசிப்பவர் வேகத்தைக் குறைத்தாலே பாதி சரியாகும்.

மண்டபத்தின் ஒலியமைப்பு சுமார். மின்விசிறிகள் ஓடினால் பின்வரிசைக்கு வசனம் எட்டுவதில்லை, ஆகவே முன்பாதியில் இடம் பிடிப்பது நல்லது. இடைவேளையில் சமோசாவும் தேநீரும் கட்டணத்திலேயே அடக்கம். எழுதியவர்களிடம் இவர்கள் பணம் வாங்குவதில்லை, நடிகர்களுக்குப் போக்குவரத்துச் செலவு கொடுக்கிறார்கள். உரையாடலை நடத்தப்போவது யார் என்பதை முன்கூட்டியே அறிவித்தால், என்னைப் போன்றவர்களுக்கு உதவியாக இருக்கும். லாரி நாடகத்தை முழுமையாக மேடையேற்றும் எண்ணம் உண்டா என்று கேட்டேன். நான்கு இரவுகளுக்கு அரங்கு வாடகை சேர்ந்தால் அடுத்த ஆண்டு என்றார்கள். வாசலில் அதற்கென்று ஒரு தகரப் பெட்டி வைத்திருக்கிறார்கள்.