உப்புத்தண்ணித் தொட்டியில பாசி: புதுக்குடியிருப்பில என்ர நாலு வருச அனுபவம்

2021 கடைசியில வச்ச தொட்டி, 200 லீற்றர், ரெண்டு கோமாளி மீன், பாசி மேயிற பிளென்னி எண்ட சின்ன மீன் ஒண்டு, கொஞ்ச மென்பவளம். தொடக்கத்தில கல்லிலயும் மண்ணிலயும் மண்ணிறத் தூள் மாதிரிப் படிஞ்சுது, அது டயட்டம் எண்ட நுண்பாசி, புதுத் தொட்டிக்கு வாறதுதான், தானாப் போயிட்டுது. நாலாம் மாசம் வந்த பச்சைக் கூந்தல் பாசிதான் என்னை ஆட்டி வச்சது. பல்லு மினுக்கிற பிரஸ்ஸால உரஞ்சி உரஞ்சி எடுப்பன், ஒரு கிழமைக்குள்ள பழையபடி கல்லு முழுக்க வளந்து நிக்கும்.

பாசிக்குப் பசளையாகிற நைட்ரேற்றை ரெஸ்ட் கிட்டில பாத்தா சைபர். தண்ணி நல்லம் எண்டு நம்பிக் கனநாள் இருந்திட்டன், பிறகுதான் விளங்கினது, வாற நைட்ரேற்றையும் பொஸ்பேற்றையும் பாசி உடன உறிஞ்சிப்போடும், தண்ணியில மிச்சம் இருந்தாத்தானே கிட் காட்டும். பாசி நிறைஞ்ச தொட்டியில சைபர் எண்டு வந்தா நம்பாதேங்கோ.

அப்ப எங்கயிருந்து வருது? கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில ஃபேனும் போட்டா ஒரு நாளைக்கு மூண்டு லீற்றர் ஆவியாப் போகும், உப்பு போகாது, அதால குறையிற அளவுக்கு நல்ல தண்ணிதான் விடவேணும், நான் வீட்டுக் கிணத்தில அள்ளி விட்டுக்கொண்டிருந்தன். எங்கட கிணத்தைச் சுத்தி வயலும் தோட்டமும், யூரியா போடாத போகம் இல்ல. ஒருநாள் அந்தத் தண்ணிய அதே கிட்டில பாத்தா நைட்ரேற் 40 பிபிஎம்! தண்ணி ஆவியாகப் போக பசளை மட்டும் ஒவ்வொரு நாளும் உள்ள சேந்திருக்கு.

அண்டைக்கே நிப்பாட்டினன். சிறுநீரக வருத்தத்துக்குப் பயந்து வன்னியில கன இடத்தில ஆர்ஓ மெசினில வடிச்ச தண்ணிதானே குடிக்கினம், அதைக் கானில எடுத்து வந்து விட்டன், தண்ணியில கரைஞ்சிருக்கிறதை அளக்கிற ரிடிஎஸ் மீற்றர் 30க்குக் கிட்டக் காட்டினது, பிறகு மிச்ச உப்புகளையும் பிடிக்கிற டிஐ ரெசின் பூட்டி அதையும் சைபராக்கினன். பாசி உடன போகேல்ல. ரெண்டரை மாசம் பிடிச்சுது, கையால புடுங்கிறதையும் விடேல்ல.

கடல்தண்ணி முல்லைத்தீவில அள்ளுறன். "மாரியில அள்ளாதை தம்பி, வட்டுவாகல் வாய் வெட்டுப்பட்டால் கடல் கலங்கல்" எண்டு கரையில ஒரு அண்ணை சொன்னவர், அது சரியான உண்மை, அந்த வாயால வயல் வெள்ளமெல்லாம் நந்திக்கடல் களப்புக்கால கடலுக்கு இறங்கிற நேரம், உப்பும் குறைஞ்சிருக்கும். இப்ப மாரிக்கு முதலே பரலில சேத்து இருட்டா மூடி வைக்கிறன், பாவிக்க முதல் உப்புக்கு அளக்கிற அடர்த்தி 1.025 இருக்கோ எண்டு பாப்பன்.

மற்றச் சாமான்களைப் பற்றி. பாசி தின்னுற டர்போ நத்தை நல்ல வேலை செய்யும், ஆனா நீட்டா வளந்த பாசியத் தொடாது, நீங்கள் முதல்ல கட்டையாக்கிக் குடுக்கவேணும். லைட்டை ரைமரில 8 மணித்தியாலமாக் குறைச்சது உதவினது. நுரையோட கழிவை வெளிய எடுக்கிற புரோட்டீன் ஸ்கிம்மர் இல்லாமல் இனித் தொட்டி வைக்கமாட்டன். பொஸ்பேற் எடுக்கிற இரும்புக் குறுணி வேலை செய்யும், ஆனா கூடப் போட்டுப் பவளம் வெளிறினது, அரைவாசியில தொடங்குங்கோ. பாசி மருந்து ஒருக்கால் விட்டன், செம்பு இருந்திருக்கு, நத்தை முழுக்கச் செத்துது, செத்த பாசி அழுகி திரும்பப் பசளையாச்சு. அந்த நத்தையள நினைச்சா இப்பவும் கவலைதான்.

2022இல பத்து மணித்தியாலத்துக்கு மேல கரண்ட் இல்லாத நாளுகளில தண்ணி ஓட்டம் நிண்டு சிவப்பு வழுவழுப்பு வந்தது. அது பாசியில்ல, பக்ரீறியா. ரியூப்பால உறிஞ்சி எடுத்து, மூண்டு நாள் துணியால மூடி இருட்டாக்கி, பற்றரி எயார் பம்பும் வச்சுத்தான் அடங்கினது.

இப்ப கண்ணாடிய கிழமைக்கு ஒருக்காத் துடைக்கிறன். பம்புக்குப் பின்னால ஒரு பிடி பாசி எப்பவும் நிக்கும், பிளென்னி அதிலதான் மேயும், அதால அதை விட்டிருக்கிறன். ஆர்ஓ கான் முடிஞ்சா ஒரு நாள் தண்ணி குறைஞ்சு நிக்கட்டும், கிணத்தில அள்ளுறேல்ல.