மேட்டுப்பாளையம் கூட்டுறவு ஏலம்: ஊட்டி உருளைக்கிழங்கு போடறவங்க தாராளமா போகலாம்

எங்க காடு ஊட்டிகிட்ட முத்தோரை பாலாடா பக்கம், ஒரு ஏக்கருக்கும் கம்மி, குஃப்ரி ஜோதிங்கற உருளைக்கிழங்கு ரகம் தான் போடறோம். என்னைக் கேட்டா மேட்டுப்பாளையத்துல இருக்கற நீலகிரி கூட்டுறவு விற்பனை சங்கத்து ஏலத்துக்கு 5க்கு 4 ஸ்டார் குடுப்பேன். 1935ல ஆரம்பிச்ச சங்கம், எங்க தாத்தா காலத்துல இருந்தே கிழங்கு அங்க தான் இறங்குது.

பிடிச்சது என்னன்னா ஏலம் எல்லார் முன்னாடியும் நடக்குது. வியாபாரிங்க மூட்டைய அவுத்து கிழங்க கையில எடுத்து பாத்துட்டு தான் விலை கேக்கறாங்க, பக்கத்து லாட் என்ன விலைக்கு போச்சுன்னு நம்ம காதுலயே விழுது, அப்பறம் எவனும் நம்மள ஏமாத்த முடியாது. கணக்கு 45 கிலோ மூட்டைக்கு. ஒண்ணு மட்டும் சொல்றேன், பெருசு, மீடியம், பொடின்னு காட்டுலயே பிரிச்சு கட்டிருங்க, கலந்து கட்டினா பொடிக்கு ஏத்த விலைக்கு தான் எல்லாத்தையும் கேப்பாங்க.

ஏலத்துக்கு போகாம காட்டுக்கே வந்து எடுக்கற வியாபாரிகிட்ட குடுத்தா லாரி வாடகை, ஏத்துக்கூலி, இறக்குக்கூலி எதுவும் இல்ல, காசும் உடனே கைக்கு வரும். மழை பிடிச்சு செடியில கருகல் நோய் வந்துட்டா நானே அப்படி தான் குடுப்பேன், அழுகறதுக்குள்ள போகணுமே. உழவர் சந்தை நல்லது தான், கமிஷன் கிடையாது, ஆனா நாலஞ்சு மூட்டைக்கு மேல உக்காந்து விக்க முடியாது, வீட்டுல ஆள் வேணும்.

தனியார் மண்டி விஷயத்துல தான் எனக்கு ஆதங்கம். விதைக்கும் உரத்துக்கும் அட்வான்ஸ் வாங்கிட்டா அறுவடைக்கு அந்த மண்டிக்கே தான் போடணும், அங்க சொன்னது தான் விலை. ஒரு மண்டியில அட்வான்ஸ் வாங்கிட்டு பக்கத்துல நல்ல விலை போறத பாத்துட்டே நின்னோம், ஒண்ணும் பண்ண முடியல. எல்லா மண்டியும் அப்படின்னு சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு குடுக்கறவங்களும் அவங்க தான். ஆனா முடிஞ்சா விதைச் செலவுக்கு கூட்டுறவு பேங்க் பயிர்க்கடன் வாங்கிக்கோங்க, அப்ப தான் எங்க விக்கறதுன்னு நீங்களே முடிவு பண்ண முடியும்.

ஒரு ஸ்டார் ஏன் குறைச்சேன்னா, கோலார் கிழங்கும் குஜராத் கிழங்கும் லோடு லோடா வந்து இறங்கற நாள்ல நம்ம ஊட்டி கிழங்குக்கும் விலை இறங்கிடுது. ருசிக்காக நம்மளது அதைவிட கூடுதல் விலைக்கு தான் போகும், இருந்தாலும் வரத்து அதிகம்னா அடி தான். அதனால முந்தின நாளே போன் போட்டு வரத்த விசாரிச்சுட்டு அப்பறம் லோடு ஏத்துங்க.