மண்ணா, மணலா, அக்வாசாயிலா? செடித் தொட்டியின் அடியில் எதைப் போடுவது

சென்னை கொளத்தூரில் வண்ண மீன் கடைகள் வரிசை கட்டியிருக்கும் தெருவில் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் நின்று பாருங்கள். மீன் தொட்டியில் செடி வளர்க்க அடியில் என்ன போடலாம் என்று நான்கு பேராவது கேட்பார்கள். பதில் கடைக்குக் கடை வேறு. ஒருவர் பளபளக்கும் பையை எடுத்து நீட்டுவார், அது அக்வாசாயில், தொட்டிச் செடிகளுக்கென்றே விற்கும் குருணை மண். அடுத்த கடைக்காரர், வெறும் மணல் போதும், உர உருண்டையைப் புதைத்துவிடுங்கள் என்பார். சாதாரண மண்ணைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். தோட்டத்தில் சும்மா கிடக்கிற பொருளை விற்றுக் காசு பார்க்க முடியாதல்லவா?

மூன்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன். மூன்றுமே இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டிகள். செடி வளரத் தண்ணீருக்குள் கார்பன் டை ஆக்சைடு விடும் சிலிண்டர் கிடையாது. ஹீட்டர் சென்னைக்குத் தேவையே இல்லை. ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், மேலே ஓர் எல்.இ.டி. விளக்கு, அவ்வளவுதான். இப்படிச் செலவும் கருவியும் குறைத்து வைக்கும் தொட்டிக்குத்தான் இந்த ஒப்பீடு. சிலிண்டர் வைத்திருப்பவர்களின் கணக்கு வேறு.

முதலில் தண்ணீரைச் சொல்லிவிடுகிறேன். அதைக் கண்டுகொள்ளாத ஆலோசனைகளை நம்பித்தான் முதல் தடவை பணத்தைக் கரியாக்கினேன். எங்கள் வீட்டில் வருவது போர்வெல் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, வாளியின் உட்புறத்தில் படியும் வெள்ளைப் பூச்சு சுரண்டினாலும் போகாது. கால்சியமும் மெக்னீசியமும் பைகார்பனேட்டும் மிகுந்த கடினநீர். கோவையில் சிறுவாணித் தண்ணீர் வருகிற வீட்டில் இருக்கும் என் மைத்துனருக்கு இந்தத் தொல்லையே தெரியாது. நாங்கள் இருவரும் ஒரே மாதத்தில் ஒரே வகை அக்வாசாயிலைத் தொட்டியில் போட்டோம். அவருடைய தொட்டி மூன்று வருடமாகச் செழித்து நிற்கிறது. என்னுடையதை எட்டாவது மாதத்தில் கலைத்தேன்.

அக்வாசாயில் என்பது மண்ணை உருட்டிச் சுட்டெடுத்த கருங்குருணை. ஜப்பானிய நிழற்படக் கலைஞர் தகாஷி அமானோ 1982இல் தொடங்கிய ஏ.டி.ஏ. நிறுவனம் பரப்பிய தொட்டி அலங்கார பாணியோடு இது உலகமெங்கும் புகழ்பெற்றது. வேருக்கு உணவு தரும், பார்வைக்கு அழகு, கையாளச் சுத்தம். இதன் இன்னொரு வேலைதான் நமக்கு முக்கியம்: தண்ணீரில் உள்ள கார்பனேட் கடினத்தை உறிஞ்சி, அமிலத்தன்மையை நோக்கி இழுக்கும். சிறுவாணி போன்ற மென்னீரில் உறிஞ்ச அதிகம் இல்லை. அதனால் அந்தத் திறன் வருடக்கணக்கில் நீடிக்கிறது. போர்வெல் தண்ணீரில் ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் புதிதாக ஒரு மூட்டைச் சுமையை அதன் தலையில் ஏற்றுகிறோம். என் தொட்டியில் முதல் மூன்று வாரம் சொட்டு மருந்துச் சோதனையில் பிஹெச், அதாவது அமில-கார அளவு, 6.6 காட்டியது. ஆறாவது வாரம் 8க்குத் திரும்பிவிட்டது. குருணையில் ஊட்டம் மிச்சமிருந்தது உண்மைதான். ஆனால் பை விலையில் பெரும்பங்கு எதற்காகக் கொடுத்தேனோ அது ஒன்றரை மாதத்தில் தீர்ந்துபோனது.

இதற்கு ஆர்.ஓ. தண்ணீர் பரிகாரம் என்பார்கள். செய்யலாம். ஆனால் வீட்டு ஆர்.ஓ. கருவிகள் பலவும் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கழிவாக வெளியே தள்ளுகின்றன. வாரம் இருபது லிட்டர் மாற்றினால் நாற்பது, அறுபது லிட்டர் சாக்கடைக்குப் போகும். கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கும் ஊரில் மீன் தொட்டிக்காக இதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. மொட்டை மாடி மழைநீரைப் பிடித்துக் கலப்பது நல்ல வழி. ஆனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் அந்த வசதி.

இன்னொரு சங்கதியையும் பையில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. புதிய அக்வாசாயில் முதல் சில வாரங்கள் தண்ணீருக்குள் அம்மோனியாவை விடும். பிஹெச் குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் அம்மோனியமாக இருந்து மீனை அவ்வளவாகத் தாக்காது. பிஹெச் 8, தண்ணீர் வெப்பம் 30 டிகிரி என்றால் அதே அளவு அம்மோனியா பல மடங்கு நஞ்சு. இது தெரியாமல் நான் நான்காம் நாளே ஆறு கப்பி மீன்களை விட்டேன். மறுநாள் காலை இரண்டு மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. மாலைக்குள் போய்விட்டன. எந்த அடித்தளம் போட்டாலும் செடியை நட்டு நான்கு முதல் ஆறு வாரம் பொறுத்து, அம்மோனியாவும் அதிலிருந்து உருவாகும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விட வேண்டும்.

அடுத்தது மண். மீன் தொட்டிச் செடிகளைப் பற்றி நூல் எழுதிய அமெரிக்காவின் டயானா வால்ஸ்டாட் பெயரால் இதை வால்ஸ்டாட் முறை என்கிறார்கள். நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு இதில் புதுமை எதுவும் இல்லை. அடியில் சேறு, மேலே தண்ணீர். சேற்றில் காற்றுப் போகாத நிலையில் இலைதழை மட்கி, இரும்பும் மற்றச் சத்துகளும் வேருக்குக் கரைந்து வருகின்றன. மட்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு, நாம் வாங்காமல் விட்ட சிலிண்டரின் வேலையைக் கொஞ்சம் செய்கிறது. தழையை மிதித்துவிட்டுச் சில நாள் ஊறவிட்டுத்தான் நடவு செய்வார்கள், இல்லையா? தொட்டிக்கும் அதே பொறுமை வேண்டும்.

அதில்தான் நான் சறுக்கினேன். நர்சரியில் கலந்து கட்டிய மண் மூட்டை ஒன்றை வாங்கிப் பிரித்துக் கொட்டினேன். பாதி தேங்காய் நார்க்கழிவு. தண்ணீர் ஊற்றிய மறுநிமிடம் மேலே போட்ட மணலைப் பிளந்துகொண்டு நார் முழுவதும் மிதந்து வந்தது. தொட்டி இரண்டு வாரம் கட்டன் தேநீர் நிறத்தில் இருந்தது. பிறகு சரியாகச் செய்த விதம் இது: செம்மண் நான்கு பங்கு, நன்றாக மட்கிய மண்புழு உரம் ஒரு பங்கு. மாவு சலிக்கும் சல்லடையைவிடக் கொஞ்சம் பெரிய கண்ணுள்ள சல்லடையில் சலித்து, வாளியில் ஊறவைத்து, மிதப்பதை அள்ளி எறிந்துவிட்டு, குழைவான சேறாகத் தொட்டியில் ஓர் அங்குலம் பரப்பினேன். அதற்கு மேல் ஒன்றரை அங்குலம் அலசிய மணல். பச்சைச் சாணம், யூரியா கலந்த மண் இரண்டும் கூடவே கூடாது.

மண்ணை ஓர் அங்குலத்துக்கு மேல் ஏற்றினால் அடியில் வாயு கட்டும். அழுகிய முட்டை வாடை அடித்தால் அதுதான். முதல் இரண்டு மாதம் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சியால் அங்கங்கே குத்திவிட்டால் குமிழி குமிழியாக வெளியேறிவிடும். வேர்கள் பரவிய பிறகு அந்த வேலையும் இல்லை.

கடினநீர் இங்கே எதிரி இல்லை. வாலிஸ்நேரியாவும் ஹைட்ரில்லாவும் தண்ணீரிலுள்ள பைகார்பனேட்டையே கார்பனுக்கு மூலமாக எடுத்துக்கொள்ளக்கூடியவை. பள்ளி ஆய்வகத்தில் புனலைக் கவிழ்த்து, அதன் மேல் சோதனைக் குழாயை வைத்து, ஒளிச்சேர்க்கையில் வரும் குமிழிகளை எண்ணினோமே, அந்த ஹைட்ரில்லாதான். என் மண் தொட்டியில் மதியம் இரண்டு மணிக்கு இலை விளிம்பிலிருந்து ஊசிமுனைக் குமிழிகள் ஒரே சரமாக ஏறும். அக்வாசாயில் தொட்டியில் அதே செடியில் இப்படி ஒருநாளும் பார்த்ததில்லை. வயல் வரப்பில் கிடக்கும் நீர்ப்பிரமி, கடையில் பகோபா என்ற பெயரில் கட்டு கட்டாக விற்கிறதே, அதுவும் மண்ணில் நன்றாக வந்தது.

மண்ணின் குறை ஒன்றுதான், ஆனால் பெரிய குறை: நட்டதைப் பிடுங்கக் கூடாது. ஒருநாள் பின்பக்கம் இருந்த வாலிஸ்நேரியாவை முன்னால் நகர்த்தலாம் என்று இழுத்தேன். அது தனியாக வரவில்லை. மணலுக்கு அடியில் ஓடிய தண்டில் ஐந்து கன்றுகள் கோத்து நின்றன. ஒன்றை இழுக்க மற்றவை ஒவ்வொன்றாக எழுந்தன, ஒவ்வொன்றின் வேரிலும் ஒரு பிடி சேறு. பத்து விநாடியில் மீன்களைக் காணவில்லை. வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிப் பார்க்காவிட்டால் கை அரிக்கும் என்பவர்கள் இந்தப் பக்கம் வர வேண்டாம்.

அப்படிப்பட்டவர்களுக்கும் வாடகை வீட்டுக்காரர்களுக்கும்தான் மணல். மணல் மட்டும் எனும்போது செலவு மிகக் குறைவு, முதல் நாளே தண்ணீர் தெளிவு. ஆற்று மணல் கிடைப்பது அரிதாகிவிட்டது. எம்-சாண்ட் உடைத்த கல் என்பதால் விளிம்பு கூர்மை. அடியில் மேயும் மீனின் மீசை தேயும், தூசியும் அலசி மாளாது. தண்ணீர் வடிகட்டும் கலன்களில் போடுகிற வெண்கற்துகள் மணல் எனக்குச் சரியாக வந்தது. எதை வாங்கினாலும் ஒரு சிட்டிகை எடுத்து வினிகர் விட்டுப் பாருங்கள். புஸ்ஸென்று நுரைத்தால் சுண்ணாம்பு கலந்திருக்கிறது. ஏற்கெனவே கடினமான தண்ணீர் இன்னும் கடினமாகும்.

மணலில் சத்து கிடையாது. ஆகவே வேரை நம்பாத செடிகளே இங்கே முதல் தேர்வு. ஜாவா ஃபெர்ன், அனுபியாஸ் இரண்டையும் மரக்கட்டையிலோ கல்லிலோ தையல் நூலால் கட்டினால் போதும். அவற்றின் தடித்த கிடைத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். கடையிலிருந்து வந்த கையோடு நான் புதைத்து அழுகவிட்டிருக்கிறேன். இரண்டும் வளர்வது ஆமை வேகம். மாதத்துக்கு ஓர் இலை வந்தால் கொண்டாடலாம். வேர் கேட்கும் செடியும் வேண்டுமென்றால் ஒரு குறுக்குவழி உண்டு: தயிர் வாங்கி வந்த மண்சட்டியைக் கழுவி, அதில் பாதி செம்மண் கலவை, மேலே மணல் போட்டுச் செடியை நட்டு, சட்டியோடு தொட்டிக்குள் இறக்கிவிடுவது. இலங்கையின் ஓடைகளைத் தாயகமாகக் கொண்ட கிரிப்டோகோரைன் வெண்டி என்ற செடியை இப்படி வைத்தேன். நட்ட பத்தாம் நாள் இலையெல்லாம் கூழாகக் கரைந்தது. பதற வேண்டாம், இடம் மாறினால் அது அப்படித்தான் செய்யும். வேரைத் தொடாமல் விட்டதில் மூன்றாவது வாரம் பழுப்புச் சிவப்பில் புதுத் தளிர் வந்தது.

செலவுக் கணக்குக்கு அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. இரண்டடித் தொட்டியில் இரண்டு அங்குலம் நிரப்ப அக்வாசாயில் ஒன்பது லிட்டர்ப் பை ஒன்று முழுதாகப் போகும். நல்ல பெயருள்ள பை சில ஆயிரம் ரூபாய். மண்ணும் மணலும் சேர்ந்து அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வருடங்கள் போகப்போக அக்வாசாயில் குருணை நசுங்கிச் சேறாகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விளக்கு விஷயத்தில் மூன்றுக்கும் ஒரே சட்டம். டைமர் வைத்து ஆறு மணி நேரம், செடிகள் பிடித்துக்கொண்ட பிறகு எட்டு. செடி வளரட்டும் என்று கூட்டினால் பாசிதான் வளரும். மிதக்கும் செடி ஒரு கைப்பிடி போட்டுவிட்டால் ஆரம்பகால அம்மோனியாவை அது தின்றுவிடும். பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் தள்ளிவிடப் பார்க்கும் ‘டேங்க் கிளீனர்’ மீன் மட்டும் வேண்டாம். அது ஓரடிக்கு மேல் வளரும், செடியைப் பெயர்க்கும், கடைசியில் மனம் பொறுக்காமல் யாராவது ஏரியில் கொண்டுபோய் விடுவார்கள். நம் ஏரிகளில் ஏற்கெனவே அது போதுமான அளவு இருக்கிறது.

பருப்பு வேகிற தண்ணீர் வருகிறவர் அக்வாசாயிலுக்குச் செலவழிக்கலாம், வீணாகாது. போர்வெல் தண்ணீரும் சொந்த வீடும் இருப்பவருக்கு என் ஓட்டு மண்ணுக்கே. மூன்றில் மிகக் குறைவாகக் கை வைத்தது அந்தத் தொட்டியில்தான். மின்வெட்டில் ஃபில்டர் நான்கு மணி நேரம் நின்றபோதும் மீன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான் இருப்பது வாடகை வீடு. அடுத்த மாதம் மூன்றாவது மாடிக்குக் குடிபோகிறோம், மின்தூக்கி கிடையாது. மணல் தொட்டியின் தயிர்ச்சட்டிகளை ஈரத்துணி போர்த்தி வாளியில் வைத்துத் தூக்கிக்கொள்ளலாம். மண் தொட்டியைக் கலைத்துத்தான் ஆக வேண்டும். வாலிஸ்நேரியாவை எதிர்வீட்டுப் பையன் கேட்டிருக்கிறான். மூன்று வருடம் மீன் எச்சம் ஊறிய அந்தச் சேற்றைக் கறிவேப்பிலைத் தொட்டிக்கு என்று மனைவி இப்போதே ஒதுக்கி வைத்துவிட்டார்.