மரப்பலகையில் நான், லேப்டாப்பில் எதிராளி: டிஜிடி யுஎஸ்பி பலகை

கையால் காயை நகர்த்தினால் அதை லேப்டாப்புக்குச் சொல்லும் செஸ் பலகை இது. நிதானமாக உட்கார்ந்து நீண்ட ஆட்டம் ஆடுகிறவர் என்றால் வாங்கலாம். மூன்று நிமிட ஆட்டம்தான் பிடிக்கும் என்றால் அந்தக் காசுக்கு நல்ல லேப்டாப்பே வாங்கிக்கொள்ளுங்கள். மரப்பலகை, காய், கூரியர், வரி எல்லாம் சேர்ந்தால் விலை அங்கேதான் போய் நிற்கிறது.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கிருஷ்ணகிரி பழையபேட்டையில் என்னோடு தினமும் ஆடிய நண்பர், மகனோடு ஓசூருக்குக் குடிபோய்விட்டார். மவுஸை வைத்து ஆடினால் கொஞ்ச நேரத்திலேயே கண் எரிகிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், திரையில் பலகையைப் பார்த்தால் எனக்கு மூன்றாவது நகர்வுக்கு மேல் கணக்கு ஓடுவதில்லை. கை காயைத் தொட வேண்டும்.

டிஜிடி நெதர்லாந்து கம்பெனி. பெரிய போட்டிகளின் நகர்வுகளை நாம் வீட்டிலிருந்தே நேரலையில் பார்க்கிறோமே, அதற்குப் பின்னால் இருப்பது இந்த வகைப் பலகைதான். ஒரு கட்டம் 5.5 சென்டிமீட்டர். காயின் அடியில் சின்னக் கம்பிச்சுருள் ஒன்று இருக்கிறது. குதிரைக்கு ஒரு அலைவரிசை, யானைக்கு ஒன்று, வெள்ளைக்கும் கறுப்புக்கும் வேறு வேறு. எந்தக் கட்டத்தில் எது நிற்கிறது என்று பலகை அதை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. காயில் பேட்டரி கிடையாது. பலகைக்கும் யுஎஸ்பி ஒயரிலேயே கரண்ட் போய்விடுகிறது. வீட்டில் கிடக்கும் பழைய காயை வைத்தால், கட்டம் காலி என்றே நினைத்துக்கொள்ளும்.

இணைப்பு விஷயத்துக்கு வருகிறேன், எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். ஒயரைச் செருகியதும் விண்டோஸ் அதை ஒரு காம் போர்ட்டாக, அதாவது வெளிக்கருவியோடு பேசும் ஒரு லைனாக, எடுத்துக்கொள்ளும். டிவைஸ் மேனேஜரில் போர்ட்ஸ் என்ற தலைப்பின் கீழ் எண்ணோடு தெரியும். தெரியவில்லையா, முதலில் ஒயரைச் சந்தேகப்படுங்கள். மேசைக்கு எட்டவில்லை என்று ரவுண்டானா பக்கம் ஒரு கடையில் எக்ஸ்டென்ஷன் ஒயர் வாங்கினேன். போட்டதும் போர்ட் காணாமல் போனது. பலகையே போயிடுச்சு சார் என்று கடைக்காரப் பையன் கையை விரித்தான். சர்வீஸில் இருந்த காலம் முழுக்க நான் பார்த்த பழுதில் பாதி ஒயரில்தான். மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் போகும் இரண்டு கம்பி மட்டும் இருக்கிறது, டேட்டா கம்பி இரண்டும் இல்லை. சார்ஜ் போட மட்டும் ஆகும் ஒயர்.

அடுத்து டிஜிடியின் லைவ்செஸ் மென்பொருள், இலவசம். அதைத் திறந்தால் பலகையில் உள்ள நிலை அப்படியே திரையில் வரும். பிறகு லிசெஸ் என்ற ஆன்லைன் செஸ் தளத்தில் டிஜிடிக்கென்று ஒரு பக்கம் இருக்கிறது. அங்கே பாஸ்வேர்ட் மாதிரி அனுமதிச் சாவி ஒன்றை உருவாக்கிவிட்டால், லைவ்செஸ் 1982 என்ற நெட்வொர்க் போர்ட் வழியாக அந்தப் பக்கத்தோடு பேசிக்கொள்ளும். இதைப் பேத்தி போனிலேயே சொல்லிக் கொடுத்தாள். "தாத்தா, அந்தச் சாவியை வாட்ஸ்அப்ல யாருக்கும் அனுப்பிடாதீங்க" என்று எச்சரிக்கை வேறு. முன்பின் தெரியாத ஆளைத் தேடி ஆடும்போது ரேபிட், கிளாசிக்கல் மாதிரி நீண்ட ஆட்டங்களுக்குத்தான் அனுமதி, சில நிமிடத்தில் முடியும் பிளிட்ஸ் கிடையாது. எனக்கு அதில் வருத்தமே இல்லை.

இந்தப் பலகையில் விளக்கு எதுவும் எரியாது. எதிராளி எங்கே நகர்த்தினார் என்று திரையைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் லிசெஸ் பக்கத்தில் குரலை இயக்கிவிட்டால் நகர்வை வாய்விட்டுச் சொல்கிறது. நான் லேப்டாப்பை ஓரமாகத் திருப்பி வைத்துவிட்டுக் காதால் கேட்டுத்தான் ஆடுகிறேன். ஆங்கிலக் குரல், கட்டத்தின் எழுத்தைச் சொல்லும்போது முதலில் பி எது டி எது என்று குழம்பும்.

நெட் இல்லாத நேரத்துக்கு அரீனா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, அதில் செஸ் ஆடும் புரோகிராமான ஸ்டாக்ஃபிஷ்ஷைச் சேர்த்துக்கொண்டு நேரடியாகப் பலகையில் ஆடலாம். இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: லைவ்செஸ் பின்னால் திறந்திருந்தால் அரீனாவுக்குப் பலகை கிடைக்காது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும் லைனில் இன்னொருவருக்கு டயல் டோன் வராது, அவ்வளவுதான். ஒன்றை முழுசாக மூடிவிட்டு மற்றதைத் திறங்கள்.

கோட்டை கட்டும்போது (காஸ்லிங்) ராஜாவை முதலில் தூக்குங்கள். யானையை முதலில் எடுத்தால் யானை நகர்வாகவே பதிந்துவிடலாம், போட்டி விதியும் ராஜாவைத்தான் முதலில் தொடச் சொல்கிறது. காய் கட்டத்தின் நடுவில் நிற்கட்டும். எனக்கு ரொம்பப் பிடித்தது முடிவைப் பதியும் முறை. இரண்டு ராஜாவையும் நடுவில் உள்ள வெள்ளைக் கட்டங்களில் வைத்தால் வெள்ளை ஜெயித்தது, கறுப்புக் கட்டங்களில் வைத்தால் கறுப்பு, ஆளுக்கொரு நிறத்தில் வைத்தால் டிரா.

வீட்டில் மொபைலும் டேப்லெட்டும் மட்டும் இருப்பவர்கள் இந்த யுஎஸ்பி மாடலைத் தொட வேண்டாம். லைவ்செஸ்ஸுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும். பழைய லேப்டாப் போதும், என்னுடையது பேத்தி காலேஜில் வைத்திருந்தது.